கருக்கைச் சீவாமல் அனுப்பிய கட்டுரை

காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். தாராளமாகச் சிரியுங்கள் தம்பிகளே. ராணுவப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதப் போகிறோம், யோசனை சொல்லுங்கள் என்று நீங்கள் நாலு பேர் வந்து கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த வயதிலும் கை பரபரக்கிறது. யோசனை சொல்லும் அளவுக்கு நான் பெரிய எழுத்தாளன் இல்லை. நான் செய்த கோணல் ஒன்றைச் சொல்கிறேன். வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுங்கள்.

திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமம் எனக்கு. அப்பா அடுத்தவர் மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலைக் காட்டில், கூலி வேலை பார்த்தவர். அவருக்கு ஆரோக்கியம் என்று அழகான பெயர் இருந்தது. ஆனால் அதைச் சொல்லி அவரைக் கூப்பிட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்களுக்கு அவர் 'டேய்'தான். நான் மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் படித்து, யுத்தத்துக்கு நாலைந்து வருஷம் முன்பே பட்டாளத்தில் கிளார்க்காகச் சேர்ந்தேன். அங்கேதான் அந்தப் பத்திரிகையை முதலில் பார்த்தேன். வடக்கே எங்கோ அச்சாகி, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரும். பாலம் கட்டினவர், கழுதைப் படை நடத்தினவர், பாலைவனத்தில் தண்ணீர் தேடினவர் என்று எல்லாரும் தங்கள் தொழிலைப் பற்றி எழுதியிருப்பார்கள். ஒவ்வொரு கட்டுரைக்குக் கீழேயும் பெயர். அந்தப் பெயர்களையே நான் மறுபடி மறுபடி பார்ப்பேன். அதில் ஒரு நாள் அப்பாவின் பெயரை இனிஷியலாகப் போட்டு என் பெயரும் வரவேண்டும் என்று வெறியே பிடித்துவிட்டது.

முதல் கட்டுரையை முப்பதுகளின் கடைசியில் அனுப்பினேன். மழைக்காலத்தில் பூட்ஸைப் பூசணம் பிடிக்காமல் காப்பது எப்படி என்பது விஷயம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாயில் நுழையாத இங்கிலீஷ் வார்த்தையாகப் பொறுக்கிப் போட்டிருந்தேன். கட்டுரை திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மசியில் ஒரே ஒரு கேள்வி: 'இதில் பூட்ஸ் எங்கே இருக்கிறது?' ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் படித்துப் பார்த்தேன். உண்மையிலேயே பூட்ஸ் இல்லை.

அப்புறம் யுத்தம் வந்தது. மலேயா ஜப்பான்காரன் கைக்குப் போனதும், இனி நம் கடற்கரைக்குத்தான் வருவான் என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கள் லாரிக் கம்பெனி விழுப்புரத்தில் முகாம் போட்டது. அப்போது நான் ஹவில்தார் கிளார்க். குண்டு போட்டுப் பாலம் போய்விட்டால் தென்பெண்ணை ஆற்றை லாரி எப்படிக் கடக்கும் என்பதுதான் எங்கள் மேஜருக்கு ஓயாத கவலை. கோடையில் அந்த ஆற்றில் தண்ணீர் ஏது? கண்ணுக்கு எட்டின தூரம் மணல்தான். சுமை ஏற்றின லாரி அதில் இறங்கினால் அச்சு வரை புதைந்துவிடும்.

வழி கண்டுபிடித்தது நாங்கள் இல்லை. முகாமில் கூலி வேலைக்கு வந்த பெண்களுக்கு அஞ்சலை என்று ஒரு தலைவி இருந்தார். மயிலம் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். லாரி புதைவதை ரெண்டு நாள் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"இன்னா தம்பி, இம்மாம் பெரிய பட்டாளம் மண்ணுல மாட்டிக்கினு முழிக்குது. பச்சப் பனவோலய வெட்டியாந்து கூரை மேயற மாரி அடுக்குனா வண்டி போவாதா? எங்க ஊரு ஆத்துல கட்ட வண்டி அப்பிடித்தான போவுது."

மேஜரிடம் சொன்னேன். செய்து பார்க்கச் சொன்னார். அஞ்சலையும் அவர் கூட்டமும் ஒரு காலைப் பொழுதில் ஆற்றுக்குக் குறுக்கே ஓலைப் பாதை போட்டார்கள். லாரிகள் வரிசையாக இறங்கி, தார் ரோட்டில் போவது போல அக்கரைக்கு ஏறின. மேஜர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். நான் மணலிலேயே ஓடினேன், விழுந்தேன், எழுந்து மறுபடி ஓடினேன். "எழுது, உடனே எழுது. இது அச்சானால் பயிற்சிப் பள்ளிக்கு உன்னை வாத்தியாராக அனுப்பச் சிபாரிசு செய்கிறேன்" என்றார் மேஜர்.

எழுதினேன். இந்தத் தடவை அகராதியைத் தொடவில்லை. நாலு பக்கம். ஓலை பச்சையாக இருக்க வேண்டும், எவ்வளவு அகலம் பரப்ப வேண்டும், ஒன்றின்மேல் ஒன்று எவ்வளவு ஏற வேண்டும், நடுவில் எத்தனை தடவை புது ஓலை போட வேண்டும், எல்லாம் இருந்தது. யார் செய்தது என்ற இடத்தில் 'உள்ளூர்க் கூலிகளைக் கொண்டு' என்று எழுதினேன். அப்படி எழுதுவதுதான் அன்றைக்கு வழக்கம், எனக்கு அது உறுத்தவும் இல்லை. 'என்னால் சோதிக்கப்பட்டது' என்று மேஜர் கீழே கையெழுத்துப் போட்டார். அந்தக் காலத்தில் மேலதிகாரி கையெழுத்து இல்லாமல் ஒரு வரிகூட வெளியே போகக்கூடாது.

விழுப்புரம் ஜங்ஷன் தபால் பெட்டியில் காலையில் நானே போய் உறையைப் போட்டேன். சாயங்கால வண்டியில் அது மதராஸ் போய், அங்கிருந்து வடக்கே போகும். அடுத்த இதழுக்குக் கடைசி நாள் நெருங்கிவிட்டதால் நாள் எண்ணித்தான் அனுப்பினோம்.

அன்றைக்கு மத்தியானமே மதராஸிலிருந்து ஒரு கர்னல் வந்துவிட்டார். மேஜருக்கு உற்சாகம் தாங்கவில்லை. வடக்கேயிருந்து புதிதாக வந்து இறங்கியிருந்த இன்னொரு கம்பெனியைக் கூப்பிட்டார். அவர்களில் பாதிப்பேர் பனைமரத்தையே அப்போதுதான் பார்க்கிறார்கள். என் கட்டுரையின் கார்பன் நகலை அவர்களுடைய டிரைவர் ஹவில்தார் கையில் கொடுத்துவிட்டு மேஜர் சொன்னார்: "எங்கள் ஆள் யாரும் வாய் திறக்கக் கூடாது. காகிதம் மட்டும் பேசட்டும். பேசாத காகிதத்தை அச்சுப் போட்டு என்ன பிரயோஜனம்?"

தம்பிகளே, அந்த மத்தியானத்தை நான் எப்படிச் சொல்வேன். கோதுமைத் தேசத்து ஜவான்கள் என் வாக்கியத்தை ஒருவன் படிக்க, மற்றவர்கள் அப்படியே செய்கிறார்கள். முதல் பத்தி முடிந்தது, ஏணி போட்டு மரம் ஏறிவிட்டார்கள். ரெண்டாவது பத்தி, ஓலை வந்து இறங்குகிறது. என் எழுத்துக்குக் கைகால் முளைத்து மணலில் நடக்கிறது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

கரையில் ஒதுங்கி நின்ற அஞ்சலை என் பக்கத்தில் வந்து காதோரம் சொன்னார்: "தம்பி, கருக்கோட போடறானுங்கோ. மட்டைய சீவல. சொல்லு."

பார்த்தேன். உண்மைதான். பனைமட்டை தெரியுமில்லையா, அதன் ரெண்டு ஓரமும் ரம்பம் மாதிரி பல் இருக்கும். அதுதான் கருக்கு. எங்கள் ஊரில் ஓலையைக் கையில் எடுத்த உடனே மட்டையை வெட்டி அப்பால் போட்டுவிடுவார்கள். அது வேலிக்குப் போகும், அடுப்புக்குப் போகும். அன்றைக்கு அஞ்சலையின் கூட்டமும் அப்படித்தான் வெட்டிப் போட்டது. கூட வந்த ஒரு புதுப் பெண்ணிடம், "கருக்க சீவாம போடாத, கிழிச்சிடும்" என்று அஞ்சலை சொன்னது என் காதிலும் விழுந்தது. பிறந்ததிலிருந்து பார்க்கிற விஷயம். அதைப் போய் யாராவது எழுதுவார்களா? நான் எழுதவில்லை.

கூவியிருக்கலாம். ரெண்டு கை தட்டினாலே போதும், எல்லாரும் திரும்பியிருப்பார்கள். ஆனால் வாய் திறந்தால் காகிதம் தோற்றுப்போகும், கட்டுரையும் போகும், வாத்தியார் வேலையும் போகும். லாரி டயர் தடிமன்தானே, தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "உத்தரவு அக்கா, பேசக் கூடாது" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

முதல் லாரி ஆற்றின் பாதிவரை நன்றாகத்தான் போனது. சாய்வாக வெட்டின மட்டை ஒன்று பாரத்தில் அமுங்கி நுனியைத் தூக்கி நின்றிருக்கிறது. டமார் என்று ஒரு சத்தம், உடனே இன்னொன்று. முன் டயரும் பின் டயரும் ஒரே பக்கத்தில் போய், லாரி ஓலைப் பாதையை விட்டு விலகி மணலில் சாய்ந்தது. மேலே இருந்த ஜவான்கள் குதித்துவிட்டார்கள். டிரைவர் ஹவில்தார் உள்ளே மாட்டிக்கொண்டார். எல்லாரும் ஓடிப் போய்க் கதவை இழுத்து அவரை வெளியே கொண்டுவந்தோம். நெற்றியில் ஒரு வீக்கம், அவ்வளவுதான். கடவுள் புண்ணியம். ரப்பர் வருகிற தேசமெல்லாம் எதிரி கையில் இருந்த காலம் அது. ஒரு டயர் போனால் ஒரு பல் போன மாதிரி மேஜர் முகம் சுளிப்பார்.

நான் நேராக மேஜர் முன்னால் போய் நின்றேன். "என் தப்பு சார். மட்டையை வெட்டச் சொல்லி நான் எழுதவில்லை. அவர்கள் வெட்டாததைப் பார்த்தும் சும்மா இருந்தேன்."

கர்னல் பக்கத்திலேயே நிற்கிறார். மேஜரின் கழுத்து முழுக்கச் சிவந்துவிட்டது. "அந்த உறை எங்கே?" என்றார்.

"சாயங்கால வண்டியில் போகிறது சார்."

"போய்த் திரும்ப வாங்கிக்கொண்டு வா."

நல்லபடியாக நின்ற இன்னொரு லாரியில் ஏறினேன். ஓட்டுவதற்கு வந்தது யாரென்று நினைக்கிறீர்கள்? நெற்றி வீங்கின அதே டிரைவர் ஹவில்தார். வழியெல்லாம் இந்துஸ்தானியில் திட்டிக்கொண்டே வந்தார். "அதை எழுதினவன் மட்டும் கையில் கிடைத்தால், அந்தப் பல் முளைத்த கட்டை மேலேயே உட்கார வைப்பேன்" என்றார். நான் மேஜரிடம் சொன்னது அவர் காதில் விழவில்லை. எழுதினவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

விழுப்புரத்துக்குள் நுழையும்போதே ரயில் ஊதிக்கொண்டு கிளம்புகிற சத்தம் கேட்டுவிட்டது. ஸ்டேஷனுக்கு எதிரேதான் எங்கள் ஆபீஸ். அங்கே தலைமை கிளார்க் ஒருவர் இருந்தார். வளவனூர்க்காரர், வெற்றிலை போட்ட வாயை முக்கால்வாசி நேரம் திறக்கமாட்டார். மூச்சு இரைக்க நடந்ததைச் சொன்னேன். அவர் ஜன்னல் வழியே வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"பெட்டில போட்ட கடுதாசி இனிமே தபால்காரன் சொத்துய்யா. தொட்டுப் பாக்கக்கூட உட மாட்டான். நீ வாங்கப் போவாத. கூட ஒன்னு போடப் போ." சொல்லிக்கொண்டே ஒரு உறையில் விலாசத்தை எழுதித் தபால் தலை ஒட்டிவிட்டார். "வண்டி ஒவ்வொரு ஸ்டேஷனா நின்னு நின்னுதான் போவும். திண்டிவனத்துல புடிச்சிடலாம். மெயில் டப்பால தபால் போட ஓட்டை இருக்கும், நேரங்கழிஞ்சு போடறதுக்கும் சேத்து தலை ஒட்டியிருக்கேன். ஜல்தி கெளம்பு."

"மேஜர் கையெழுத்து இல்லாமயா சார்?"

"கையெழுத்துக்குக் காத்துக்கினு இருந்தா அந்தக் கட்டுரை மட்டும் அச்சாவும். திருத்தம் அடுத்த இதழ்ல வரும். அந்த மூணு மாசத்துல எவன் எவன் டயரு கிழியுமோ, உன் பேரச் சொல்லித் திட்டுவான். எது வேணும்னு நீயே முடிவு பண்ணிக்க."

தந்தி அடித்திருக்கலாமே என்பீர்கள். பனைமட்டையைத் தந்தியில் எப்படித் தம்பி விளக்குவது?

லாரி பறந்தது. முண்டியம்பாக்கத்தில் ரயில் எங்களுக்கு முன்னால் புகை விட்டுக்கொண்டு போவது தெரிந்தது. என் மடியில் காகிதம், கையில் பென்சில். 'ஒரு சிறு விடுபடல் நேர்ந்துவிட்டதற்கு வருந்தப்படுகிறது' என்று ஆபீஸ் இங்கிலீஷில் ஆரம்பித்தேன். டிரைவர் எட்டிப் பார்த்தார். "என்ன எழுதுகிறாய்?"

"மட்டையை வெட்டச் சொல்வது விடுபட்டுவிட்டது என்று எழுதுகிறேன்."

"யார் விட்டது?"

பதில் சொல்ல ஒரு மைல் ஆயிற்று. "நான்தான்" என்றேன். லாரியை நிறுத்தி இறக்கிவிடுவாரோ என்று பயந்தேன். அவரோ ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தினார். கொஞ்ச தூரம் போனதும், "அப்படியென்றால் அப்படியே எழுது" என்றார்.

ஆபீஸ் இங்கிலீஷை அடித்துவிட்டேன். 'நான்' என்று ஆரம்பித்தேன். விக்கிரவாண்டியில் மல்லாட்டை மூட்டை ஏற்றின கட்டை வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. டிரைவர் ஹாரனில் கை வைத்தவர் எடுக்கவே இல்லை. வண்டிக்காரர் ஒருவர், "இன்னா பேஜாரு இது, ஜப்பான்காரன் வந்துட்டானா?" என்று கேட்டுக்கொண்டே மாட்டை ஓரம் கட்டினார். வண்டிகள் ஒதுங்குகிற வரை லாரி ஆடாமல் நின்றதல்லவா, அந்த நேரத்தில்தான் முக்கால் பக்கம் எழுதினேன். நான் பனைநாட்டில் பிறந்தவன். எனக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்து, மட்டையை வெட்ட வேண்டும் என்பதை எழுதாமல் விட்டேன். இன்று பனை தெரியாதவர்கள் என் கட்டுரைப்படி செய்தார்கள். ரெண்டு டயர் கிழிந்தது, ஒரு மனிதர் பிழைத்தார். முதல் சோதனையைச் செய்தவர்கள் அந்த மரத்தை அறிந்தவர்கள், ஆகவே அது சோதனையே இல்லை. வழியைச் சொன்னவர் மயிலம் பக்கத்து அஞ்சலை. கருக்கைச் சீவச் சொன்னவரும் அவர். ரெண்டையும் கேட்டவன் நான், ஒன்றைத்தான் எழுதினேன். இவ்வளவுதான் கடிதம்.

மயிலம் ஸ்டேஷனருகே ரயிலை முந்திவிட்டோம். டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி ரயிலைப் பார்த்து என்னவோ பாட ஆரம்பித்துவிட்டார். நானும் தெரியாத பாட்டுக்குத் தலையாட்டினேன். வேலை போகப் போகிறவன் மாதிரியா இருந்தேன்? கல்யாண ஊர்வலத்தில் வந்த மாதிரி இருந்தேன்.

திண்டிவனம் பிளாட்பாரத்தில் மெயில் டப்பா வந்து நின்றது. ஆசை விடுமா, உள்ளே இருந்தவரிடம் கேட்டுப் பார்த்தேன். "போட்டது போட்டதுதாங்க. ராஜாவே வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன்" என்றார். கடிதத்தின் அடியில் மேஜர் கையெழுத்துக்கான இடம் வெறுமையாக இருந்தது. அதற்கு மேலே என் பெயரை அப்பாவின் இனிஷியலோடு எழுதினேன். உறையை ஓட்டைக்குள் விட்டேன். உள்ளே அது விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தேன்.

மேஜரிடம் மறுநாள் காலையில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நகல் எங்கே?"

"நகல் இல்லை சார்."

நகல் வைக்காத கிளார்க் மீசை இல்லாத அய்யனார். மேஜருக்கு அதுதான் பெரிய குற்றமாகப் பட்டது. மனப்பாடமாக ஒப்பித்தேன். 'அது சோதனையே இல்லை' என்ற இடம் வந்தபோது அவர் என் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தார். முடிந்ததும், "பயிற்சிப் பள்ளியை மறந்துவிடு. டயர் ஷெட்டுக்குப் போ. ரப்பரின் அருமை தெரியட்டும்" என்றார். போனேன். மூன்று மாதம் பஞ்சர் ஒட்டினேன். எழுத்தாளனுக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது என்று இப்போது சொல்வேன். அப்போது அழுதேன்.

ஒரு நாள் தலைமை கிளார்க் வாயில் வெற்றிலை இல்லாமல் ஷெட்டுக்கு வந்தார். கையில் புது இதழ். நீட்டினார். புரட்டினேன். என் நாலு பக்கக் கட்டுரை இல்லை. முதல் பக்கத்திலிருந்து மறுபடி தேடினேன். இல்லவே இல்லை. "கடைசில பாருய்யா" என்றார். கடைசிக்கு முந்தின பக்கத்தில், பெட்டி கட்டி, லாரியில் எழுதின அந்த ஒரு பக்கக் கடிதம் இருந்தது. பென்சில் எழுத்தில் இருந்தது அச்செழுத்தில் ஒரு வார்த்தை மாறாமல் வந்திருந்தது. கட்டுரையிலிருந்து ஓலை பரப்பும் அளவுகளை மட்டும் எடுத்துக் கீழே சேர்த்திருந்தார்கள். அடியில் என் பெயர், முன்னால் அப்பாவின் எழுத்து. நான் சத்தம் போட்டுக் கத்திவிட்டேன். ஷெட்டில் எல்லாரும் டயர்தான் வெடித்தது என்று ஓடி வந்தார்கள்.

கைக்கரியைக் கழுவாமல் அப்படியே இதழை எடுத்துக்கொண்டு அஞ்சலை வேலை செய்கிற இடத்துக்கு ஓடினேன். மண் சுமந்துகொண்டிருந்தவர் கூடையை இறக்கிவிட்டு வந்தார். இங்கிலீஷைத் தமிழில் சொல்லச் சொல்ல, இடுப்பில் கை வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டார்.

"இத்த எழுதறதுக்கா லாரில அப்பிடி ஓடுன? கருக்கு கிழிக்கும்னு எங்க ஊட்டு ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியுமே."

"பட்டாளத்துக்குத் தெரியலையே அக்கா."

தம்பிகளே, உங்களிடம் நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். ஆட்டுக்குட்டிக்குத் தெரிந்ததை விட்டுவிடாதீர்கள். சொல்லிக்கொடுத்தவர் பெயரையும் விட்டுவிடாதீர்கள்.

அஞ்சலை இதழின் பக்கம் குனிந்தார். அப்புறம், "எம்பேரு எங்க கீது?" என்று கேட்டார். காட்டினேன். விரலைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு அந்த இடத்தைத் தொட்டார். எழுத்து தெரியாதவர், ஆனாலும் விரலை எடுக்கவில்லை. அப்படியே கீழே நகர்த்திக்கொண்டு வந்து அடியில் நிறுத்தினார்.

"இது யாரு பேரு?"

"அது நான் அக்கா."

ரெண்டு பெயருக்கும் நடுவே இருந்த தூரத்தை ஒரு தடவை பார்த்தார். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டார்.

"பரவால்ல," என்றார், "நீயும் இருந்துட்டுப் போ."